பச்சைக் குழந்தையை எங்கே, எப்படிப் படுக்க வைப்பது?

குழந்தை பிறப்பதற்கு முன்பே பல வீடுகளில் அதன் படுக்கை தயாராகிவிடும். அமுக்கினால் உள்ளே போகும் மெத்தை, தலைக்கு ஒரு குட்டித் தலையணை, இரண்டு பக்கமும் அணைவாகத் திண்டு, பஞ்சு மாதிரி ஒரு போர்வை, மூலையில் ஒரு பொம்மை. பார்க்கிறவர்களுக்கே கொஞ்சம் படுத்துக்கொள்ளலாமா என்று தோன்றும். சிக்கல் அங்கேதான். அது பெரியவர்களின் கண்ணுக்குப் பிடித்த படுக்கை. குழந்தை மருத்துவர்கள் சொல்லும் படுக்கையைப் பார்த்தால் முதலில் மனசுக்குச் சங்கடமாகவே இருக்கும். கெட்டியான, மேடுபள்ளம் இல்லாத ஒரு மெத்தை. அதன்மேல் இறுக்கமாக மாட்டிய ஒரு விரிப்பு. அதில் மல்லாந்து படுத்திருக்கும் குழந்தை. அவ்வளவுதான், வேறு ஒரு பொருளும் கிடையாது.

இந்த வெறும் படுக்கை யாரோ கண்டிப்பான டாக்டரின் மனத்தில் உதித்தது அல்ல. அதற்குப் பின்னால் பல்லாயிரம் குழந்தைகளின் மரணமும், அந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியும் இருக்கின்றன.

நன்றாக இருந்த குழந்தை, பால் குடித்துவிட்டுத் தூங்கிய குழந்தை, காலையில் எழுந்திருக்கவில்லை. உடற்கூறு ஆய்விலும் காரணம் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட சாவுகள் காலங்காலமாக நடந்துவந்தவைதான். 1969இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார்கள். திடீர் சிசு மரணம் என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலச் சுருக்கமான ‘சிட்ஸ்’ என்ற பெயரும் இப்போது பலருக்குத் தெரிந்ததே. ஒரு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் நேரலாம் என்றாலும், அது அதிகம் நேர்வது 1 மாதத்திலிருந்து 4 மாதம் வரையான காலத்தில். சுமார் 90 சதவீதம் 6 மாதத்துக்குள் நேர்ந்துவிடுகிறது. இது அபூர்வமான விஷயம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்கக் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அளவுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் படுக்க வைக்கும் விதத்தால் குறைக்க முடிகிற ஆபத்து என்பதால்தான் இத்தனை பேச்சு.

குப்புறப் படுக்க வைத்த காலம்

மேலை நாடுகளில் 1950களின் நடுவிலிருந்து ஏறக்குறைய 1980களின் முடிவு வரை குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று டாக்டர்களே சொன்னார்கள். லட்சக்கணக்கில் விற்ற குழந்தை வளர்ப்பு நூல்களும் அதையே சொல்லின. சொன்ன காரணமும் கேட்டவுடன் சரியாகவே பட்டது: மல்லாந்து படுத்திருக்கும் குழந்தை பாலைக் கக்கினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறிவிடாதா? குப்புறப் படுத்தால் வெளியே வழிந்துவிடுமே. இதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நியாயமாகத் தோன்றியது, அதனால் அறிவுரை ஆயிற்று.

சோதித்துப் பார்த்தவர்கள் மெல்ல மெல்ல வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சூசன் பீல் என்ற குழந்தை மருத்துவர், இப்படிக் குழந்தையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு நேரில் போய், குழந்தை எப்படிக் கிடந்தது, மேலே என்ன இருந்தது, கீழே என்ன விரித்திருந்தார்கள் என்று பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுக் குறித்துவந்தார். நூற்றுக்கணக்கான வீடுகள். குப்புறக் கிடந்த குழந்தைகள் அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்தன. 1985இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரு கட்டுரை, அந்த ஊரில் இத்தகைய மரணம் மிகக் குறைவு என்றது. அங்கே குழந்தைகளை மல்லாந்து படுக்க வைப்பதே வழக்கம் என்பதையும் அது சுட்டிக்காட்டியது. நெதர்லாந்து 1987இல் தன் அறிவுரையை மாற்றியது. அடுத்து நியூசிலாந்திலும், இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சுற்றியும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் நடந்தன. 1991இன் இறுதியில் பிரிட்டன் நாடு தழுவிய பிரசாரத்தைத் தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992இல் வழிக்கு வந்தது, 1994இல் அங்கும் பிரசாரம் ஆரம்பமானது.

அமெரிக்காவில் 1990இல் பிறந்த லட்சம் குழந்தைகளில் சுமார் 130 பேர் இப்படி இறந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த எண் பாதிக்கும் கீழே போனது. புது மருந்து இல்லை, புது கருவி இல்லை. குழந்தையைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள், அவ்வளவுதான்.

இதில் மனசை உறுத்தும் ஒரு பின்குறிப்பும் உண்டு. ரூத் கில்பர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான சான்று 1970லேயே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அப்போதே யாராவது கூட்டிக்கழித்துப் பார்த்திருந்தால், பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. குழந்தை வளர்ப்பில் ‘பார்த்தாலே தெரியுதே’ என்று யாராவது அடித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

கக்கினால் புரையேறாதா?

இன்றைக்கும் பாட்டிகள் மட்டுமல்ல, படித்த அப்பாக்களும் கேட்கிற கேள்வி இது. பதில் தொண்டையின் அமைப்பில் இருக்கிறது. மூச்சுக்குழாய் முன்பக்கம், உணவுக்குழாய் அதற்குப் பின்னால். குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் வந்துவிடும். வயிற்றிலிருந்து எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமென்றால் மேட்டில் ஏறிப் போக வேண்டும். குப்புறப் போட்டால் எல்லாம் தலைகீழ். உணவுக்குழாய் மேலே வர, வரும் பால் மூச்சுக்குழாயின் வாசலிலேயே தேங்கும். அதோடு, தொண்டைக்கு ஏதாவது வந்தால் விழுங்கவோ இருமவோ குழந்தைக்கு இயல்பாகவே தெரியும். எதுக்களிப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கும் மல்லாந்து படுப்பதைத்தான் சொல்கிறார்கள். தலைப்பக்கம் மெத்தையை உயர்த்தினால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அதனால் எதுக்களிப்பு குறைவதில்லை. சரிவில் குழந்தை கீழே வழுக்கி, மூச்சு அடைபடும் கோணத்தில் போய் மடங்கிக்கொள்ளலாம்.

ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா? கொஞ்ச காலம் அதையும் பரவாயில்லை என்று விட்டுவைத்திருந்தார்கள். ஆனால் பக்கவாட்டில் படுத்த சின்னக் குழந்தை நிலையாக இருக்காது, கவிழ்ந்துவிடும். கவிழாமல் இருக்கப் பின்னால் திண்டு வைத்தால், அந்தத் திண்டே இன்னொரு ஆபத்து.

ஆழ்ந்த தூக்கம் என்ற ஆசை

குப்புறப் போட்டால் குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அதிக நேரம், அதிக ஆழத்தில் தூங்குகிறது. கை கால் உதறித் திடுக்கிட்டு விழிப்பதும் குறைகிறது. இந்த விஷயத்தில் புரிந்துகொள்ள வேண்டிய மையமே அதுதான் என்பது என் எண்ணம். பெரியவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் வரம். மூன்று மாதக் குழந்தைக்கு, சட்டென்று விழித்துக்கொள்ள முடிவதுதான் காப்பு.

தூக்கத்தில் நம் முகத்தின்மேல் போர்வை விழுந்தால் என்ன செய்கிறோம்? மூச்சு முட்டும், புரண்டு படுப்போம், கையால் தள்ளுவோம், பல நேரம் காலையில் அது நினைவில்கூட இருக்காது. வெளியே விட்ட காற்றையே திரும்ப இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது, ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளைத்தண்டு அதைக் கண்டு எழுப்பிவிடுகிறது. பச்சைக் குழந்தையிடம் இந்த ஏற்பாடு இன்னும் முழுசாக அமைந்திருக்காது. மெத்தென்ற மெத்தையில் முகம் புதைந்தால், அதைச் சுற்றித் தான் விட்ட காற்றே ஒரு சின்னக் குழி போலத் தேங்கி நிற்கும். தலையைத் தூக்கித் திருப்பக் கழுத்தில் பலமும் இல்லை. அந்த நேரத்தில் விழித்து அழ வேண்டும். சில குழந்தைகள் விழிப்பதில்லை.

ஏன் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி ஆவதில்லை என்பதற்கு 1994இல் ஃபிலியானோ, ஹன்னா கின்னி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் வைத்தார்கள். மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும்: குழந்தையிடம் வெளியே தெரியாத ஒரு பலவீனம், வளர்ச்சியில் ஒரு நெருக்கடியான பருவம், வெளியிலிருந்து ஒரு தூண்டுதல். இறந்த குழந்தைகளில் பலரின் மூளைத்தண்டில், மூச்சையும் விழிப்பையும் நடத்தும் செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தின் அமைப்பில் கோளாறு இருந்ததைக் கின்னியின் குழு பின்னால் காட்டியது. அந்தப் பலவீனம் எந்தக் குழந்தைக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழக்கமான பரிசோதனை எதுவும் இல்லை. பருவத்தையும் தள்ளிப்போட முடியாது. நம் கையில் இருப்பது மூன்றாவது மட்டும், அதாவது படுக்கை.

‘ராத்திரி முழுக்கத் தூங்க வைக்கும்’ என்று விளம்பரப்படுத்தும் பொருள்களை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளே எடை வைத்துத் தைத்த போர்வைகளும் தூக்க உடைகளும் அவற்றில் ஒன்று. அம்மாவின் கை மேலே இருப்பது மாதிரி இருக்குமாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவற்றை வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழிக்கும் குழந்தை, பெற்றோரைப் பொறுத்தவரை வதை. அதன் உடம்பைப் பொறுத்தவரை அது ஒழுங்காக வேலை செய்கிறது.

தொட்டிலும் மெத்தையும்

சரி, வாங்கப் போகும்போது என்ன பார்ப்பது? கையால் மெத்தையை அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். கைத்தடம் குழியாக நிற்கிற மெத்தை குழந்தைக்கு ஆகாது. குழந்தையின் தலை அழுந்தி வட்டமாகப் பள்ளம் விழுந்தாலும் ஆகாது. மெத்தைக்கும் தொட்டில் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளிக்கு மேல் இருந்தால், அந்தச் சந்தில் முகம் மாட்டிக்கொள்ளும். தொட்டிலோடு வந்த மெத்தை மெல்லிசாக இருக்கிறதே என்று மேலே இன்னொன்றைப் போடுவது பலர் செய்யும் தவறு. அது மெல்லிசாக இருப்பது வேண்டுமென்றேதான்.

கம்பிகளுக்கு நடுவே இடைவெளி ஏறக்குறைய 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடம்பு நழுவி வெளியே வந்து தலை மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும். உள்பக்கமாகக் கட்டும் பஞ்சுத் திண்டு பிறந்த கதை இங்கேதான் தொடங்குகிறது. பழைய தொட்டில்களில் கம்பிகள் அகலமாக இருந்தன, தலை மாட்டாமல் இருக்கத் திண்டு கட்டினார்கள். அமெரிக்காவில் 1973இல் கம்பி இடைவெளிக்கு விதி வந்தது, திண்டின் தேவை போனது. ஆனால் திண்டு போகவில்லை, அழகுப் பொருளாகத் தங்கிவிட்டது. அதில் முகம் புதைந்தும், அதன் கயிறு சுற்றியும் குழந்தைகள் இறந்த பிறகு, 2022இல்தான் அங்கே சட்டம் போட்டு விற்பனையை நிறுத்தினார்கள். சுமார் ஐம்பது வருஷம்!

அதே சட்டம் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும் குழந்தைப் படுக்கைகளையும் தடை செய்தது. 2019இல் அங்கே ஒரே வகைச் சாய்வுப் படுக்கை சுமார் 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டது. அதில் படுத்த குழந்தைகளில் 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். சாய்வாக வைத்தால் குழந்தையின் கனமான தலை முன்னால் தொங்கும், தாடை நெஞ்சில் போய் இடிக்கும். கழுத்து மடங்கினால் குறுகலான மூச்சுக்குழாயும் மடங்கும், இளகிய ரப்பர் குழாயை மடக்குவது போல. காரில் மாட்டும் குழந்தை இருக்கை, ஆட்டும் நாற்காலி, நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். பயணத்தில் தூங்கிவிட்டால் தூங்கட்டும், காரில் அந்த இருக்கைதான் பாதுகாப்பு. வீட்டுக்கு வந்ததும் எடுத்துச் சமமான இடத்தில் படுக்க வைக்க வேண்டும். ‘எழுப்ப மனசு வரலை’ என்று இருக்கையோடு கூடத்தில் வைத்துவிட்டுப் போவதுதான் பிரச்சினை. நடுவில் வளைந்து தொங்கும் துணித் தொட்டிலிலும் முதுகு வளைந்து தாடை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டித் தூங்க வைப்பது ஒன்று, யாரும் பார்க்காத நேரத்தில் அதிலேயே ராத்திரி முழுக்க விட்டுவைப்பது வேறு.

படுக்கை விலை கூடியதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. பின்லாந்து அரசு 1938இலிருந்து ஏழைத் தாய்மார்களுக்கும் 1949இலிருந்து எல்லாத் தாய்மார்களுக்கும் குழந்தைத் துணிகள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துவருகிறது. பெட்டியின் அடியில் ஒரு சின்ன மெத்தை. துணியை எடுத்துவிட்டால் பெட்டியே படுக்கை. சமமான தளம், கெட்டி மெத்தை, உள்ளே வேறொன்றும் இல்லை. அந்தப் பெட்டியால்தான் பின்லாந்தில் சிசு மரணம் குறைந்தது என்று சொல்வது மிகை. அதைப் பெற வேண்டுமென்றால் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பெட்டியைவிட அது செய்த வேலை பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

யார் பக்கத்தில்?

குழந்தைக்குத் தனி அறை என்பது மேலை நாட்டுப் படங்களில் அழகாக இருக்கும். அந்த நாடுகளின் மருத்துவர்களே இப்போது, குறைந்தது முதல் 6 மாதம் பெற்றோர் தூங்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் படுக்க வையுங்கள் என்கிறார்கள். கை எட்டும் தூரத்தில் குழந்தை இருந்தால் பால் கொடுப்பது எளிது, முனகினாலும் காதில் விழும். பெரியவர்களின் சின்னச் சின்ன அசைவும் சத்தமும் குழந்தையின் தூக்கத்தை மிக ஆழமாகப் போகவிடாது என்றும் கருதுகிறார்கள்.

அதே கட்டிலில் சேர்ந்து தூங்கலாமா? இங்கேதான் மருத்துவ உலகமே ஒத்துப்போகவில்லை. 2013இல் வந்த ஓர் ஆய்வு, பெற்றோர் புகைக்காதவர்களாகவும் தாய் பாலூட்டுபவராகவும் இருந்தாலும்கூட, 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சேர்ந்து தூங்குவதில் ஆபத்து ஐந்து மடங்கு என்றது. அடுத்த ஆண்டே பிரிட்டனிலிருந்து இன்னொன்று வந்தது: புகையும் மதுவும் சோபாவும் இல்லாவிட்டால் தனியாகக் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை என்று. அமெரிக்கக் கழகம் ‘வேண்டாம்’ என்பதில் நிற்கிறது. பிரிட்டனில், எந்தச் சூழ்நிலையில் கட்டாயம் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு மற்றதைப் பெற்றோரிடம் விடுகிறார்கள்.

இருதரப்பும் ஒரே குரலில் சொல்கிற பட்டியல் ஒன்று இருக்கிறது, வாசகர்களுக்கு அதுதான் முக்கியம். பெற்றோரில் ஒருவர் புகைப்பவராக இருந்தால் கூடாது, வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்தாலும் சரி. மது குடித்திருந்தாலோ தூக்கம் வரவைக்கும் மருந்து சாப்பிட்டிருந்தாலோ கூடாது. குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தையோடு கூடாது. சோபாவிலும் கைவைத்த நாற்காலியிலும் குழந்தையை வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே குழந்தை வழுக்கி இறங்கிவிடும். கட்டிலைவிடச் சோபாவில் ஆபத்து பலமடங்கு என்பதில் எந்த ஆய்வுக்கும் சந்தேகமில்லை.

இதில் ஒரு கசப்பான முரண் இருக்கிறது. கட்டிலில் பால் கொடுத்தால் தூங்கிவிடுவோமோ என்று பயந்து, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து சோபாவில் போய் உட்கார்ந்து பால் கொடுக்கிறார் ஒரு தாய். அங்கேயே கண் அசந்துவிடுகிறார். குறைந்த ஆபத்துக்குப் பயந்து பெரிய ஆபத்தில் போய் உட்கார்ந்த கதை. அதனால் தூங்கிவிட வாய்ப்பிருக்கிறது என்று தோன்றினால், சோபாவைவிடத் தலையணை போர்வைகளை விலக்கிய கட்டிலில் இருந்து பால் கொடுப்பதே மேல் என்று அமெரிக்கக் கழகமே சொல்கிறது. கண் விழித்ததும் குழந்தையை அதன் இடத்துக்கு மாற்ற வேண்டும். ராத்திரிக்கான ஏற்பாட்டைத் தெளிவாக இருக்கும் பகலில் யோசிக்கிறோம், அதை நடத்தப்போவது மூன்று நாளாகத் தூங்காத ஒரு ஆள் என்பதை மறந்துவிடுகிறோம்.

சூடு, துணி, புகை

பெரும்பாலான வீடுகளில் குழந்தைக்குக் குளிருமே என்ற கவலைதான். ஆபத்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம். அதிகச் சூடும் விழிக்கும் திறனைக் குறைக்கிறது. குழந்தை தன் உடம்புச் சூட்டைக் கணிசமான அளவு தலை வழியாக வெளியேற்றுகிறது. ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் குல்லா போடுவதற்குக் காரணம் வேறு, வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா தேவையில்லை. பெரியவர்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூட, அவ்வளவு போதும். கை கால் சில்லென்று இருப்பதை வைத்துக் கணிக்கக் கூடாது, பச்சைக் குழந்தைக்கு அது இயல்பு. நெஞ்சிலோ பிடரியிலோ கை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். போர்வைக்குப் பதில், கழுத்தும் கையும் சரியாகப் பொருந்துகிற பைபோன்ற தூக்க உடை நல்லது. முகத்துக்கு ஏறி வராது.

துணியால் சுற்றி வைப்பதில் தப்பில்லை, மல்லாந்து படுக்கும் வரை. நெஞ்சைச் சுற்றி இறுக்காமல், இடுப்பும் தொடையும் தாராளமாக அசையும்படி சுற்ற வேண்டும்; காலை நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். புரளப் பார்க்கிறது என்று தெரிந்த அன்றைக்கே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கை கட்டப்பட்ட நிலையில் குப்புற விழுந்த குழந்தையால் ஒன்றும் செய்ய முடியாது.

புகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எதிர்வாதமே இல்லை. கர்ப்ப காலத்தில் தாய் புகைப்பதும், பிறந்த பிறகு வீட்டில் யார் புகைப்பதும் ஆபத்தைக் கூட்டுகிறது. மறுபக்கம், குறைந்தது 2 மாதம் தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் திடீர் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. தூங்கும் நேரத்தில் ரப்பர் சூப்பான் கொடுப்பதற்கும் காக்கும் தன்மை இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, எப்படி என்பது இன்னும் விளங்கவில்லை. பாலூட்டல் நன்றாக அமைந்த பிறகு கொடுக்கலாம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாது. வாயிலிருந்து விழுந்துவிட்டால் எழுந்து போய்த் திரும்ப வைக்க வேண்டியதில்லை.

காலில் மாட்டும் சாக்ஸ் மாதிரி, ஆக்ஸிஜனும் நாடித்துடிப்பும் பார்த்துச் செல்போனுக்குச் சொல்லும் கருவிகள் இப்போது நிறைய வருகின்றன. இவற்றால் திடீர் மரணம் குறைந்ததாகச் சான்று இல்லை. காரணமில்லாமல் அலறி எழுப்புவது ஒருபுறம். கருவி இருக்கிறதே என்ற தைரியத்தில் குழந்தையைக் குப்புறப் போடுவதும் கட்டிலில் திண்டு வைப்பதும் இன்னொருபுறம், எனக்கு அதுதான் பெரிய கவலை.

பகல் தூக்கமும் அதன் பிறகும்

வழக்கமாக மல்லாந்து தூங்கிப் பழகிய குழந்தையை ஒருநாள் மட்டும் யாராவது குப்புறப் போட்டால், அந்தக் குழந்தைக்குத்தான் ஆபத்து மிக அதிகம். பழகாத நிலை அது. பெற்றோர் வேலைக்குத் திரும்பிய முதல் வாரங்களில், பகலில் பார்த்துக்கொள்பவரிடம் போன குழந்தைகளுக்கு இப்படி நேர்ந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. வேறொருவரிடம் ஒப்படைக்கும்போது பால் அளவைச் சொல்கிறோம், மருந்தைச் சொல்கிறோம். எப்படிப் படுக்க வைப்பது என்பதையும் சொல்ல வேண்டும், அந்த மனிதர் நாலு பிள்ளைகளை வளர்த்தவராக இருந்தாலும். அவர் வளர்த்த காலத்தில் டாக்டரே வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்பதைச் சொன்னால் மனஸ்தாபம் வராது.

குறைமாதக் குழந்தைகளின் பெற்றோருக்கு இதே குழப்பம் ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் குழந்தையைக் குப்புறப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அங்கே மூச்சுக்கு உதவியாக அப்படிச் செய்கிறார்கள், ஒவ்வொரு நொடியும் கருவி கண்காணித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு அனுப்புவதற்கு வெகுமுன்பே மல்லாந்து தூங்கப் பழக்கிவிட வேண்டும் என்பதுதான் அறிவுரை. குறைமாதக் குழந்தைக்கு ஆபத்து கூடுதல் என்பதால், வீட்டில் இந்த விதிகள் தளர்வதில்லை.

மல்லாந்தே படுத்தால் பின்னந்தலை தட்டையாகாதா என்றால், சில குழந்தைகளுக்கு ஆகும். 1990களுக்குப் பிறகு அது கூடியதும் உண்மை. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். தலை வைக்கும் திசையை நாளுக்கு நாள் மாற்றலாம், அப்போது வெளிச்சத்தைப் பார்க்க வேறு பக்கம் திரும்பும். விழித்திருக்கும் நேரத்தில், ஆள் பக்கத்தில் இருக்க, தரையில் ஒரு விரிப்பில் குப்புறப் போட்டு விளையாட விடலாம். முதலில் இரண்டு மூன்று நிமிடம், 7 வாரம் ஆகும்போது நாளொன்றுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம். கழுத்தும் தோளும் பலப்படும். தலை வடிவத்துக்கென்று விற்கும் பள்ளத் தலையணை மட்டும் வேண்டாம்.

நாலைந்து மாதம் ஆகும்போது ஒருநாள் மல்லாக்கப் போட்ட குழந்தை காலையில் கவிழ்ந்து கிடக்கும். பார்த்த அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும், உடனே திருப்பிப் போடுவார். பத்து நிமிடத்தில் மறுபடி கவிழும். இரண்டு பக்கமும், அதாவது மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவும், குப்புறவிலிருந்து மல்லாக்கவும் தானாகவே சுலபமாகப் புரளத் தெரிந்துவிட்டால், ராத்திரி முழுக்கக் காவல் இருந்து திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. படுக்க வைக்கும்போது மல்லாக்க வையுங்கள், அப்புறம் அது தனக்குப் பிடித்த மாதிரிக் கிடக்கட்டும். அந்தக் கழுத்து இப்போது தலையைத் தூக்கித் திருப்பும், மூச்சு முட்டினால் விழிக்கவும் தெரியும். ஆனால் இனி அது தொட்டிலின் எல்லா மூலைக்கும் போகும் என்பதால், அங்கே தலையணையோ பொம்மையோ இன்னும் ஆறேழு மாதத்துக்கு வரக் கூடாது.